உப்புக்காற்று செய்த பழுதுக்கு ஊழியர் பணம் கட்டுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கங்களில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். இந்தக் கரையோரத்தில் மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, லாட்ஜ், நகைக்கடை, மருந்துக்கடை எதுவானாலும் பில்லும் கணக்கும் சிஸ்டத்தில்தான். அது படுத்துவிட்டால் முதலில் வரும் கேள்வி, "நேற்று யார் உட்கார்ந்தது?" என்பதுதான். பில் போடும் பெண்ணோ கணக்கு எழுதும் பையனோ தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. சில இடங்களில் பழுதுச் செலவைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ராம் என்ற நினைவகத் தகட்டின் கால்களில் (தொடுமுனைகளில்) களிம்பு, உள்ளே கரண்ட் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உப்பிப்போன கெப்பாசிட்டர் (மின்தேக்கி), மதர்போர்டின் மேல் உதிர்ந்து கிடக்கும் துரு. உப்பும் மின்சாரமும் மலிவுப் பொருளும் சேர்ந்து செய்த வேலை அது. அந்தப் பிள்ளைகளின் கை அதில் எங்கும் படவில்லை.

பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914-ல் திறந்த பாலம். துரு அரிக்காமல் காக்க ரயில்வே காலமெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தது. அப்படியும் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓட்டுவதை நிறுத்த வேண்டி வந்து, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். அதே காற்றுதான் மண்டபத்துக் கடையின் கல்லாப்பெட்டிக்கும் வருகிறது. அங்கே இருக்கும் கணினிக் கேபினட்டின் தகரமோ அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. வெட்டிய ஓரங்களில் பூச்சு கிடையாது. துரு அந்த ஓரத்தில்தான் பிடிக்கும். பிடித்த துரு பொடியாக உதிர்ந்து போர்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.

உப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர் விடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். நம் கரையில் காற்று அதற்குக் கீழே காய்வது அரிது. ஆகவே போர்டின் மேல் படிந்த உப்புத்தூசி வருடம் முழுக்க லேசான ஈரத்துடனேயே இருக்கும். போர்டிலுள்ள பாகங்களின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒன்றில் 5 வோல்ட், பக்கத்தில் பூஜ்யம், நடுவே உப்புநீர் என்றால் செம்பு கரைந்து நகரத்தான் செய்யும். பச்சையாகப் பூப்பது அதுதான். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் காற்றின் வேகம் உப்பை உள்ளே கொண்டுவந்து சேர்க்கிறது. ஐப்பசியில் வாடை என்னும் வடக்குக் காற்று திரும்பியதும் மழை ஈரம் அந்த உப்பை எழுப்பிவிடுகிறது. எங்கள் மேஜைக்கு வரும் போர்டுகள் அதிகமாவது கார்த்திகை, மார்கழியில்தான்.

இதில் பலர் தலைகீழாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. "அந்த சிஸ்டத்தை யாரும் தொடவே இல்லை, மூடித்தான் வைத்திருந்தோம், எப்படிக் கெட்டது?" என்று கேட்பார்கள். தொடாமல் வைத்ததால்தான் கெட்டது. ஓடும் சிஸ்டத்துக்குள் சூடு இருக்கும், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. ஓடாத சிஸ்டம் சுவரைப் போலக் குளிர்ந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளும். சீசன் இல்லாத மாதங்களில் லாட்ஜில் இரண்டாவது கவுண்டரை மூடி வைத்தால், வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரமாவது அந்த சிஸ்டத்தை ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதானால் சிஸ்டம் ஆறிய பிறகு போடுங்கள். உறைக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

ஏ.சி. அறையிலும் இதே ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. இரவில் ஏ.சி.யை நிறுத்தியதும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனால், குளிர்ந்த கேபினட்டின் மேல் வெளிக்காற்றின் ஈரம் பனியாக இறங்கும். காலையில் வந்ததும் சுவிட்சைப் போட்டால் அந்தத் தண்ணீருடனேயே கரண்ட் ஏறுகிறது. நிறுத்திய பிறகும் ஜன்னல் மூடியே இருக்கட்டும்.

ஐஸ் கம்பெனிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குளிரூட்ட அம்மோனியா பயன்படுத்தும் இடத்தில், நெடி மூக்குக்குத் தெரியாத அளவு கசிவு இருந்தாலும் செம்பும் பித்தளையும் அரிபடும். எடைமேடை சிஸ்டத்தை மெஷின் அறையின் சுவரை ஒட்டி வைப்பதைத் தவிருங்கள். இறால் குஞ்சுப் பண்ணைகளிலும் அப்படித்தான்; பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கிய அறையில் கணினியை வைத்தால் குளோரின் ஆறே மாதத்தில் போர்டைத் தின்றுவிடும்.

உப்புக்கு அடுத்தது கரண்ட். புதுக் கணினி வாங்கும் முன் அறையின் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நாங்கள் கெஞ்சாத இடம் இல்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டி வரவேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் நிற்கவேண்டும். பத்து, இருபது என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ எங்கோ விட்டிருக்கிறது. எர்த்தே இல்லாத பாயின்ட்டில் சிஸ்டத்தைச் செருகினால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பில்டர் கெப்பாசிட்டர் வழியாகப் பாதி வோல்ட், அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினட்டின் தகரத்தில் நிற்கும். தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுவது அதனால்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு தொடு என்று வேலை செய்பவரிடம் சொல்லிவிட்டுப் போவது பதிலாகாது. அந்த ஒழுகல் மின்சாரம் சிறியது என்றாலும், இடிமின்னலில் திடீரென்று ஏறும் மின்சாரம் இறங்குவதற்கு வழி இல்லாமல் நெட்வொர்க் போர்ட்டையும் யூ.எஸ்.பி. போர்ட்டையும் சுட்டுவிட்டுப் போகும்.

எர்த் குழி ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. கரியும் உப்பும் கொட்டிப் புதைத்த ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), ஏற்கெனவே உப்பேறிய மணலில் சில வருடங்களிலேயே அரித்துப்போகும். மேலே தெரியும் தலைப்பு நன்றாக இருக்கும், கீழே குழாயே இருக்காது. செம்பு பூசிய ராடும் பென்டோனைட் களிமண் கலவையும் இட்ட குழி கூடுதல் நாள் தாங்கும். எதுவானாலும் எலக்ட்ரீஷியனை வைத்து வருடம் ஒருமுறை எர்த் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். அது 5 ஓமுக்குள் இருக்கவேண்டும். மணல் காய்ந்துபோகும் சித்திரை, வைகாசியில் பார்ப்பதுதான் உண்மையான அளவைக் காட்டும். மழையில் எந்தக் குழியும் தேறிவிடும்.

யூ.பி.எஸ். விஷயத்தில் நடக்கும் தவறு வேறு. 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருப்பதை 600 வாட்ஸ் என்று நினைத்து இரண்டு சிஸ்டம், ஒரு லேசர் பிரின்டர் எல்லாவற்றையும் அதில் செருகிவிடுகிறார்கள். பெரும்பாலான 600 வி.ஏ. பெட்டிகள் தாங்குவது 360 வாட்ஸ். லேசர் பிரின்டர் சூடேறும் நேரத்தில் அது மட்டுமே 1,000 வாட்ஸை ஒட்டி இழுக்கும். பில் அடிக்கும்போதெல்லாம் சிஸ்டம் அணைகிறது என்ற புகாரில் பாதிக்கு மேல் இதுதான் காரணம். பிரின்டரை நேரடியாகச் சுவர் பிளக்கில் போட்டால் அந்தப் புகார் அன்றே தீரும். யூ.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. 25 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்ட அதன் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறக்குறைய பாதியாகும். மேஜைக்கு அடியில் காற்றே போகாத மூலையில் வைத்தால் இரண்டு வருடம் தாங்குவதே பெரிது. மாலை நேரத்தில் லோ வோல்டேஜ் வரும் ஊர்களில் கரண்ட் போகாமலேயே யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறி மாறி வரும். அந்த 'டக் டக்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் பேட்டரி தினமும் தேய்கிறது என்று பொருள். ஏ.சி., பிரீசர், தண்ணீர் மோட்டார் ஓடும் லைனிலேயே சிஸ்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் பிரியும் டி.பி. பெட்டியிலிருந்து கணினிகளுக்கு மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் தனி லைன் இழுத்தால் பாதித் தொல்லை போகும். பேட்டரியைச் சோதிக்க, சிஸ்டம் ஓடும்போது சுவர் சுவிட்சை அணைத்து, பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். உடனே 10.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது. ஆயிரம் ரூபாயை ஒட்டிய ஒரு பேட்டரியை மாற்றாமல் விட்டு, கரண்ட் போகும்போதெல்லாம் ஒரு நாள் கணக்கை மறுபடி அடிக்க வைக்கிறார்கள். அடித்து முடித்து வீட்டுக்குப் போக இரவு பத்து மணியாகிறது. அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் 450 வாட்ஸ், 500 வாட்ஸை மட்டும் நம்பவேண்டாம். பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளைக் கையில் தூக்கினாலே தெரியும், கனமே இருக்காது. பில்டர் பகுதிக்கு இடம் விட்டு, பாகம் போடாமல் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். கெப்பாசிட்டர்கள் 85 டிகிரி ரகமாக இருக்கும். 105 டிகிரி ரகம் போட்ட, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று உள்ள எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் கூடுதலாகும் பணம் அதிகமில்லை. தரமில்லாத எஸ்.எம்.பி.எஸ். தனியாகச் சாவதில்லை, போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டுதான் போகும்.

சிஸ்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 4 ஜி.பி. ராமில் கணக்கு சாப்ட்வேரும் ஜி.எஸ்.டி. தளமும் பேங்க் தளமும் ஒரே நேரத்தில் ஓடாது, 8 ஜி.பி. வேண்டும். ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சுழலும் தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஹார்ட் டிஸ்க்கின் போர்டைக் கழற்றினால் தகட்டைப் படிக்கும் தலைக்குப் போகும் தொடுபுள்ளிகள் உப்பில் கறுத்திருப்பதை நாங்கள் வாடிக்கையாகப் பார்க்கிறோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பழைய சிஸ்டம் வாங்குவது தப்பில்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட தரமான சிஸ்டங்கள் பெங்களூரு, சென்னையிலிருந்து வருகின்றன. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ பார்த்து வாங்குங்கள். அதற்குக் கீழே விண்டோஸ் 11 முறையாக ஏறாது. ஒல்லியான சிறு கேபினட் ரகங்களில் எஸ்.எம்.பி.எஸ். அந்தந்தக் கம்பெனியின் தனி அளவில் இருக்கும். அது போனால் இராமநாதபுரத்தில் கிடைக்காது, மதுரையிலிருந்து வரவழைக்கும்வரை வேலை நிற்கும். பொது அளவு எஸ்.எம்.பி.எஸ். பொருந்தும் கேபினட்டாக வாங்குவது நல்லது.

நெட்வொர்க் கேபிளில் ஏமாறுவது மிக எளிது. அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிளை முழுச் செம்பு விலைக்குப் பக்கத்தில் விற்கிறார்கள். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். உப்புக்காற்றில் இரண்டு உலோகம் சேர்ந்த இடம் சீக்கிரம் அரிக்கும். கேபிள் முனையில் இறுக்கிப் பொருத்திய (கிரிம்ப் செய்த) பின்னில் வெள்ளைப் பொடி பூத்து, நெட் வந்து வந்து போகும். முழுச் செம்பு கேட்-6 கேபிளே போடுங்கள்.

இனி வேலை செய்பவரின் உடம்பு. 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பல இடங்களில் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் மேஜைக்கும் உயரம் சேர்வதே இல்லை. கீபோர்டில் கை வைத்தால் முழங்கை மேஜை மட்டத்தில், தோள் தூக்காமல் இருக்கவேண்டும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கண்ணிலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் தூரத்தில். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிரே திரை வைத்தால் நாள் முழுக்கக் கண் கூசும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி மேஜையைத் திருப்புங்கள். வி.ஜி.ஏ. கேபிளின் ஒரு பின்னில் களிம்பு பிடித்தால் ஒரு நிறம் போகும்: நீலம் போனால் திரை மஞ்சளடிக்கும், பச்சை போனால் ரோஸ் அடிக்கும். அந்தத் திரையிலேயே மாதக்கணக்கில் கணக்கு எழுதச் சொல்வது கொடுமை. எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான். கீபோர்டின் உள்தாளில் உப்பு ஈரம் புகுந்தால் வரிசையாகச் சில எழுத்துகள் வேலை செய்யாது. எழுத்து அழிந்த, பாதி விசை அழுந்தாத கீபோர்டைத் தட்டித் தட்டி விரல் வலி வருவதற்கு மருத்துவச் செலவு யார் தருவது? வருடம் ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ் என்று செலவுக் கணக்கில் எழுதி வையுங்கள்.

சுத்தம் செய்வதை வருடத்தில் இரண்டு முறை, கச்சான் தொடங்கும் முன் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று என்று வையுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தை இறக்குங்கள். தூசியை மின் புளோயரால் ஊதலாம். பஞ்சர் கடை கம்ப்ரசரால் ஊதவே கூடாது, அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். ஊதும்போது பேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ராமைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியால் கால்களைத் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு மாட்டுங்கள். கை கழுவும் சானிடைசர் ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் காய்ந்த பிறகும் பிசுக்கு தங்கும். பென்சில் அழிக்கும் ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழக்கம் எங்கள் தொழிலிலேயே பரவலாக உண்டு, அதை விடவேண்டும். கால்களின் மேல் உள்ள தங்கப் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தேய்க்கத் தேய்க்க அது போய், அடியில் இருக்கும் நிக்கலும் செம்பும் காற்றுக்கு வெளிப்பட்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். தேதி தானாகப் பின்னுக்குப் போனால் போர்டிலுள்ள 2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறினால் பேங்க் தளம் திறக்காது, பில்லிலும் தப்பான தேதி விழும். அந்தப் பழியும் பில் போட்டவர் மேல்தான் விழுகிறது.

வாரன்டி பற்றியும் முதலாளிமார் தெரிந்துகொள்ள வேண்டும். போர்டில் களிம்பு இருந்தால் பல சர்வீஸ் சென்டர்கள் அதை வாரன்டியில் எடுப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே இந்த நிபந்தனையைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அலட்சியமாக இருந்துவிட்டு, வாரன்டி மறுக்கப்பட்ட தொகையை ஊழியர் தலையில் வைக்கக்கூடாது.

இப்படிச் சம்பளத்தில் பிடிப்பதற்குச் சட்டத்திலும் இடம் குறைவு. ஒப்படைத்த பொருள் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாகச் சேதமானால்தான் ஊதியத்தில் பிடிக்க முடியும். பிடிக்கும் முன் அவர் தன் பக்கம் விளக்கம் சொல்ல வாய்ப்பு தரவேண்டும். களிம்பும் லோ வோல்டேஜும் யாருடைய கவனக்குறைவும் ஆகா. பழுதுபார்க்கிற நாங்களும் இதில் ஒரு பொறுப்பை ஏற்கிறோம். பில்லில் 'போர்டு சர்வீஸ்' என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எந்தப் பாகம், என்ன காரணம் என்று எழுதித் தருவோம். ஊழியர்களும் அந்தப் பில்லைக் கேட்டுப் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிஸ்டத்தின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டி, வாங்கிய மாதம், யூ.பி.எஸ். பேட்டரி மாற்றிய மாதம், சுத்தம் செய்த தேதி, எர்த் பார்த்த அளவு ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், அடுத்த முறை பழுது வரும்போது யாரையும் கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்கும் தேவை இருக்காது.

வாடை திரும்ப இன்னும் சில வாரங்களே இருப்பதால், இந்தக் கடிதத்தை அதற்கு முன் வெளியிட்டால் இந்த மழைக்கே பயன்படும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
இராமநாதபுரம் மாவட்டக் கடலோரம்.